கடன் போன தொட்டில்

– மெதுவா, ஹுவே அக்கா, மெதுவா. செருப்பக்கூட சத்தம் வராம கழட்டுங்க.

– இந்த வயித்தோட குனிஞ்சு செருப்பக் கழட்டுறதே பெரிய விஷயம், லாய். இதுல சத்தம் வராம வேறயா? சரி. தொட்டில் எங்க?

– வந்ததும் வராததுமா தொட்டிலா! உக்காருங்க முதல்ல. ஐஸ் போட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தரேன். இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கிற புள்ளத்தாச்சி, இந்த வெயில்ல உங்கள யாரு வரச் சொன்னா?

– டொவான்தான் வண்டியில கொண்டாந்து விட்டாரு. தெருமுனைக் காபிக்கடையில நிக்கிறாரு, கையில கயிறோட. தொட்டில வண்டிக்குப் பின்னால கட்டி எடுத்துட்டுப் போகணுமாம். கயிறையும் அவரு மூஞ்சியையும் பாத்துட்டுக் கடைக்காரம்மா காபிய ஓசியிலயே குடுத்துடுச்சு.

– உங்க வீட்டுக்காரரு இன்னும் என் மேல கோவமாத்தான் இருக்காரா?

– உன் மேல இல்ல, என் மேல. சொந்தப் புள்ள படுக்கிறதுக்கு முன்னால புதுத் தொட்டிலத் தூக்கி அடுத்த வீட்டுக்குக் குடுத்த பொம்பளைய எங்கயும் பாத்ததில்லங்கிறாரு. மாமியார் ஊர்லேர்ந்து, கா மாவ்லேர்ந்து, போன் போட்டு அதையே பாட்டாப் பாடுது. நம்ம புள்ளையோட எடத்த எடுத்து ஊருக்குக் குடுத்துட்டியேன்னு.

– அவங்க கேக்குறதும் நியாயந்தானே அக்கா? எல்லாரும் பழைய துணிதான் கேட்டு வாங்குவாங்க. தொந்தரவு பண்ணாம வளந்த புள்ள போட்ட சட்டை, அதோட வீயா, அந்த நல்ல ராசி, நம்ம புள்ளைக்கும் ஒட்டட்டும்னு. நீங்க ஒருத்திதான் பெட்டி பிரிக்காத தொட்டிலக் கொண்டாந்து வெச்சு, உன் புள்ளையப் போட்டுப் பழசாக்கிக் குடுன்னு சொல்லிட்டுப் போனீங்க.

– ஆமா. பழசாயிடுச்சா?

– அது வந்து... தொட்டில ஆட்டுற மோட்டார் போயிடுச்சு அக்கா.

– சரி. அப்புறம்?

– சத்தியமா. ரிப்பேருக்குக் குடுத்திருக்கோம்.

– தொட்டிலோடயா?

– தொட்டிலோடதான். முழுசாக் கொண்டா, அப்பத்தான் பாப்பேன்னு அந்த ஆளு சொல்லிட்டான்.

– எந்தக் கடை? டொவான் போய் எடுத்துக்கட்டும். மோட்டார் ஓடலன்னா நான் காலால ஆட்டிக்கிறேன்.

– இன்னிக்குக் கடை லீவு.

– லாய், செருப்பு கம்பெனியில நம்ம லைன்ல இருந்தப்பவே உனக்குப் பொய் சொல்ல வராது. ஒட்டாத செருப்படிய ஒட்டிட்டேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லுவ, சொல்லி முடிக்கிறதுக்குள்ள காது ரெண்டும் செவந்துடும். இப்பவும் செவந்திருக்கு.

– அது வெயிலுக்கு.

– வீட்டுக்குள்ள என்னடி வெயில்? போகட்டும். புள்ள எப்படி இருக்கா?

– மித்தா? அசிங்கமா இருக்கா அக்கா. நல்ல அசிங்கம்.

– நல்லது. யாரு கண்ணும் படாம அப்படியே இருக்கட்டும். பால் குடிக்கிறாளா?

– குடிக்கிறா. பப்பாளிக்காயும் பன்னிக்காலும் போட்டு சூப்பு வெச்சுக் குடிச்சுக் குடிச்சு எனக்கு நாக்கே செத்துப்போச்சு, அவளுக்கு இன்னும் பத்தல.

– தூங்குறாளா?

– தூங்குறா தூங்குறா. தங்கம். போட்ட எடத்துல கெடப்பா. அவ அண்ணன் குன் எப்படியோ அப்படியே. படுத்தான்னா செத்தாப்ல...

– அந்த வார்த்த வேணாம்.

– ஐயோ, பேச்சுக்குத்தான் அக்கா.

– பேச்சுக்கும் வேணாம். சரி, தங்கமான புள்ள இருக்கிற வீட்ல வாசல்லேர்ந்து எதுக்குடி இந்தக் குசுகுசு?

– கியெத் நைட் ஷிப்டு முடிச்சுட்டு வந்து தூங்குறாரு. அதுக்குத்தான்.

– தூங்கலக்கா. முழிச்சுத்தான் இருக்கேன்.

– நீங்க பேசாமப் படுங்க!

– வாங்கக்கா. திரைக்குப் பின்னால ஊஞ்சல்ல கெடக்கேன். எந்திரிச்சு வரலன்னு தப்பா நெனைக்காதீங்க. மித் என் நெஞ்சு மேல படுத்திருக்கா. நான் இருமினாலும் கம்பெனிச் சங்கு மாதிரி கத்திடுவா.

– எவ்வளவு நேரமா தம்பி இப்படிக் கெடக்க?

– அவ பொறந்ததுலேர்ந்து.

– அப்ப தொட்டில்? ரிப்பேருக்குப் போயிருக்குன்னு உன் பொண்டாட்டி சொல்றாளே.

– என்னத்த ரிப்பேர்? ஜம்முன்னு ஆடுது. அங்க சமையக்கட்டுல, கேஸ் அடுப்புகிட்ட...

– கியெத்!

– இப்ப நான் என்னத்தச் சொல்லிட்டேன்?

– காது செவந்தது வெயிலுக்கு இல்ல போல, லாய்.

– அக்கா, திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. ஆனா தொட்டில மட்டும் கேக்காதீங்க. நான் வேற வாங்கித் தரேன். இதே மாதிரி, இதே நீலக்கலர், சைகோன் போயாவது தேடிக் கொண்டாரேன்.

– எனக்கு வேற எதுக்கு? என்னோடதக் குடு.

– அது கெட்டுப்போச்சு அக்கா.

– ஜம்முன்னு ஆடுதுன்னு இவன் சொல்றானே.

– ஆடுது. ஆட்டத்துல ஒண்ணும் இல்ல. அதுல படுத்த புள்ளதான்... எப்படிச் சொல்றது? இவ குன் மாதிரி இல்லக்கா. அழறா. காலையில அழறா, சாயங்காலம் அழறா, குளிப்பாட்டினா அழறா, தொடச்சா அழறா. வந்த முதல் வாரம் பூரா அந்தத் தொட்டில்லதான் போட்டேன். மோட்டார் ஓடுதா இல்லையான்னு கைய வெச்சுப் பாத்தாத்தான் தெரியும், சத்தத்துல கேக்காது. வெத்தலைய அனல்ல காட்டி வயித்துல ஒத்தினேன். தலைமாட்டுல கத்தி வெச்சேன். நிறுத்தல.

– சரி. அப்புறம்?

– அப்புறம் என்ன அப்புறம்? அழுகுணி வீயா பூரா அதுல ஏறிடுச்சு. அத உங்க கையில எப்படிக் குடுப்பேன்?

– வாடக கம்மின்னுதானே பழைய ரூமைக் காலி பண்ணிட்டு இந்தத் தெருவுக்கு வந்தீங்க, தம்பி?

– வாடக இங்க ஜாஸ்திக்கா. என்னத்தச் சொல்ல. அங்க வரிசையில பாதிப் பேரு என்ன மாதிரி நைட் ஷிப்டு, பகல்லதான் தூங்கணும். இவ விடல. வீட்டுக்காரம்மா ஒரு தட்டு நெறைய மங்குஸ்தான் பழத்தோட வந்துச்சு. திட்ட வருதுன்னு பாத்தா, கும்பிட்டு அழுதுட்டுப் போச்சு.

– நீங்க ஊஞ்சல்ல கெடந்துக்கிட்டு எல்லாத்தையும் ஒப்பிச்சிடுங்க. இன்னும் மிச்சம் எதாவது இருக்கா?

– ஒட்டரிசிக்காரம்மா புள்ளையச் சொல்லலாமா வேணாமா?

– வேணாம்!

– சொல்லு தம்பி.

– தொட்டில பம்பளிமாசு இலை போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணியில தேச்சுக் கழுவினா. சாம்பிராணி காட்டினா. அப்பவும் மனசு ஆறல. பக்கத்து ரூம்ல ஒட்டரிசிச் சோறு விக்கிற அம்மாவுக்கு ஒரு பையன், மாவு உருண்ட மாதிரி இருப்பான், வாயே தொறக்க மாட்டான். அவனக் கடன் வாங்கிட்டு வந்து தெனமும் மதியம் அந்தத் தொட்டில்ல போட்டுடுறா.

– எதுக்கு?

– நல்ல வீயா ஏறட்டும்னு. இவளோடது எறங்கட்டும்னு. அதுக்குப் பதிலா அந்த அம்மாவுக்கு நாந்தான் தெனம் தேங்கா துருவித் தரணும். நெஞ்சுல இவள ஒரு துணியில கட்டிக்கிட்டு தேங்கா துருவுறேன் அக்கா. கம்பெனியில இத விடக் கஷ்டமான மெஷின் இல்ல.

– சிரிக்காதீங்க அக்கா. வயித்தப் பிடிச்சுக்கிட்டு இப்படிச் சிரிக்கலாமா?

– உன் பங்குக்கு நீ தேங்கா துருவலையா, லாய்?

– எனக்கு நேரம் எங்க இருக்கு? அவன் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கணுமே. இன்னும் ஒரு வாரம் படுத்தான்னா தொட்டில் சரியாயிடும்னு கணக்குப் போட்டேன். நீங்க அதுக்குள்ள கயிறோட வந்துட்டீங்க.

– இப்பவும் அவந்தான் அதுல கெடக்குறானா? காட்டு.

– இதோ. பாருங்க. எவ்வளவு அமைதி.

– ஏன் அசையவே இல்ல?

– தூங்குறான் அக்கா.

– மூச்சு விடுறானா? மூக்குகிட்ட கைய வெச்சுப் பாரு.

– விடுறான். வயிறு ஏறி எறங்குதே, தெரியலையா?

– எனக்குத் தெரியல. எழுப்பு.

– அடுத்தவங்க புள்ளைய எதுக்குக்கா...

– எழுப்புடி!

– இதோ, இதோ. டேய் உருண்ட, கண்ணத் தொற. பாருங்க, சிரிக்கிறான். என்னக்கா, வேத்து ஊத்துது உங்களுக்கு? உக்காருங்க இப்படி.

– அழலையே அவன்.

– அவன் அழமாட்டான். அதுக்குத்தானே அவன்.

– இவனத் தூக்கிட்டுப் போய் அவங்கம்மாகிட்ட குடுத்துடு, லாய். இனிமே கொண்டாராத. பாவம், நல்ல புள்ள, ஆனா இதுல வேணாம். கியெத், உன் பொண்ணக் கொண்டாந்து இதுல போடு.

– என்னது? இருங்க கியெத், அசையாதீங்க. அக்கா, உங்களுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு.

– எனக்கு எல்லாம் தெரியும்டி. போன வாரம் உன் பழைய ரூமுக்குத்தான் போனேன். வீட்டுக்காரம்மா முழுசாச் சொல்லுச்சு. அந்த வீட்டு நாயே ஒரு வாரம் சந்தையில போய்ப் படுத்துக்கிச்சாமே.

– தெரிஞ்சேவா வந்தீங்க? அப்புறம் எதுக்கு என்ன இந்தப் பாடு படுத்தினீங்க?

– ரிப்பேர், லீவுன்னு நீ எதுவரைக்கும் போறன்னு பாத்தேன். உனக்குப் பிரசவ வலி வந்தப்ப வராந்தாவுல யாரு நின்னா?

– நீங்கதான்.

– உள்ளேர்ந்து புள்ளையோட கத்தல் ஒண்ணு வந்துச்சு. கதவு சாத்தியிருக்கு, அப்பவும் வராந்தா பூரா திரும்பிப் பாத்துச்சு. நர்சு சிரிச்சுட்டா. உன் புருஷன் காதப் பொத்திக்கிட்டான்.

– சந்தோஷத்துலக்கா!

– நீ சும்மா இரு தம்பி. நீங்க ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கே தொட்டிலக் கொண்டாந்தேனே லாய். ஏன்னு யோசிச்சியா?

– குன் அவ்வளவு சாது, இவளும் அப்படித்தான் இருப்பான்னு நெனச்சுத் தந்தீங்க. வேற என்ன?

– குன் பொறந்தப்ப உன்ன எனக்குத் தெரியவே தெரியாது. நீ கம்பெனிக்கே வரல.

– எனக்கு ஒண்ணும் புரியலக்கா. நீங்க வாங்கினது எப்போன்னே எனக்குப் புரியல. புதுசுன்னு சொன்னீங்க, பெட்டி மேல ஒரு விரக்கடை தூசி. தொடச்சுத் தொடச்சு என் கை கருத்துப்போச்சு.

– புதுசுதான். யாரும் படுக்கல. பெட்டி எங்க வீட்டு மூலையில நின்னுச்சு, அத நான் பாத்துக்கிட்டே இருந்தேன். போதும்னு ஆயிடுச்சு. போடு அவள இதுல.

– அக்கா... மன்னிச்சுக்குங்க, கால் மரத்துப்போச்சு. எந்திரிக்கிறேன். ஐயோ. போச்சு. முழிச்சுட்டா.

– போச்சு! தட்டுங்க, முதுகுல தட்டுங்க கியெத்! கேக்குதா அக்கா? கேளுங்க நல்லா. இதையா கயிறு போட்டுக் கட்டி வீட்டுக்குக் கொண்டு போகப் போறீங்க?

– இங்க கொண்டா தம்பி, தொட்டில்ல போடு. அப்படித்தான். தலையப் பாத்து. ம். கால எப்படி ஒதைக்கிறா பாரு.

– எடுத்துடுங்க, அவ வீயா மறுபடி ஏறிடப் போகுது! பம்பளிமாசு இலை இனிமே கெடைக்காது, மரத்தையே மொட்டையடிச்சுட்டேன்! அக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு? முப்பத்தாறு வயசுல முதப் புள்ள. நிம்மதியாப் பாத்துப் பாத்து வளக்க வேணாமா? ஒரு புள்ள இப்படிக் கத்தினா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது!

– தெரியாதுதான். முதல்ல எனக்குப் பொறந்தவன் அழவே இல்ல, லாய்.