ராசாவும் மிளகு ஏணியும்

காளப்பநாயக்கன்பட்டிக்கு வந்த நாடகத்தை முன்வரிசையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்த குண்டூர்க்காரன் நான். பொய்தான், பாதியிலேயே குறட்டை விட்டுவிட்டேன். நாடகத்து ராசா ராணியைக் கொன்றதே எனக்கு மறுநாள் காலை, சந்தையில் மிளகு எடை போட நின்றபோதுதான் தெரிந்தது. எனக்குப் பின்னால், எங்கள் மலையின் வளப்பூரிலிருந்து வந்த ஒரு புருசனும் பெண்டாட்டியும் நின்றார்கள்.

"மந்திரி பேச்சக் கேட்டுப் பொண்டாட்டி கழுத்த நெரிச்சவனெல்லாம் ஒரு ராசாவா?" என்றாள் அவள்.

"ராணியோட முத்துமாலை சேனாபதி ஊட்டுல கெடந்துச்சில்ல?" என்றான் புருசன்.

"மாலைக்குக் காலா மொளச்சுது? கொண்டுபோனது யாருன்னு கேக்கத் தெரியாத கேணப்பய. உன்னாட்டமே, மாமா."

"நா என்ன பண்ணுனேன்?"

"நம்ம மிளகு ஏணி மேலூட்டுக்காரன் செவுத்துல சாஞ்சிருக்குதுன்னு சொல்லி, உம் பங்காளி எனக்கும் அவனுக்கும் முடிச்சுப் போட்டான். நீயும் மூணு நாளா எங்கையில கஞ்சி வாங்கிக் குடிக்கல. மிளகு பறிக்கிற மாசத்துல எவன் ஏணி அவன் ஊட்டுல இருக்குது?"

திரும்பிப் பார்க்காமல் இருக்க நான் என்ன சாமியாரா? அவன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"அப்ப ஏணிய யாருக்குக் குடுத்த?"

"உம் பங்காளிக்குத்தான்! பறிச்சு முடிச்சு, அங்க கொண்டுபோயிச் சாத்துனதும் அவனேதான்."

அவன் மூட்டை வாயை அவிழ்த்தான், மறுபடி கட்டினான்.

"ராசா கொன்னுபோட்டுக் கேட்டான், நீ கொல்லாமக் கேட்டுட்ட. அவ்வளவுதான் வித்தியாசம்," என்றாள்.

"இன்னிக்கி கஞ்சி ஊத்துவியா?"

"மொதல்ல ஏணியத் தோள்ல தூக்கிட்டு, ஊரே பாக்க, உம் பங்காளி வாசல் வழியா வா. அங்க நின்னு அவங்கிட்ட..."

"ஏனுங்க குண்டூர்க்காரரே," என்று தராசுக்காரர் என்னைப் பார்த்துக் கத்தினார், "வாயப் பொளந்துட்டு நிக்காம மூட்டையக் கொண்டாங்க!"