மாலை கழட்டுறதுக்கு முன்னால

இல்லீங்க குருசாமி, எந்திரிக்காதீங்க. தேங்காய அப்புறமா ஒடச்சுக்கலாம். எங்க ஊட்டுக்காரரு இன்னும் ஓடையில குளிச்சுட்டிருக்காரு. சபரிமல போயிட்டு வந்த அலுப்பு, மெதுவாத்தான் வருவாரு. அவரு கழுத்து மாலைய நீங்க கழட்டுறதுக்கு முன்னால நாலு வார்த்த பேசணுமுங்க.

இந்த நாப்பத்தெட்டு நாளும் ஊடு ஊடு மாதிரி இருந்துச்சுங்க. என்னைய அம்மான்னுதான் கூப்பிட்டாரு. கொடத்துத் தண்ணியில எறும்பு மெதந்தா வெரலால எடுத்து மொளகுக் கொடியில விட்டாரு. தின்ன தட்ட அவரே கழுவுனாரு. எங்க மக பூங்குழலிக்கு கோயமுத்தூர்ல நர்சு வேல கெடச்சப்ப, மலைய விட்டு எறங்குனா கால ஒடச்சுருவேன், பொட்டப் புள்ள சம்பாரிச்சா நான் எதுக்கு மீச வெச்சிருக்கேன்னு கத்துன வாயிங்க அது. மறுநாளு மாலை போட்டதும் அவளையும் அம்மான்னுச்சு.

கழட்டுனா? அன்னைக்கே கறி, சாராயம். பொறவு என் முதுகு.

ஆமாங்க, ஆம்பளன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். போன வருசம் என் கையில மாவுக்கட்டப் பாத்துட்டு இதையேதான் சொன்னீங்க.

மறந்திருப்பீங்க. அதுக்கு முந்துன வருசம் மாலை கழட்டி ரெண்டு நாளாகியும் அவரு தட்டக் கழுவுனாரு, தெரியுங்களா? எனக்கே நம்ப முடியல. மூணாம் நாளு டீக்கடையில குப்புசாமி கேட்டானாமா, ஏன் மாப்ள, சேல ஒண்ணு எடுத்துத் தரட்டுமான்னு. அத்தன பேரும் சிரிச்சீங்க. நீங்களுந்தான். ஊட்டுக்கு வந்தவரு அந்தத் தட்டாலயே என் மண்டைய ஒடச்சாரு.

கோவமில்லீங்க. எல்லா உசுரும் சாமின்னு சொல்லிக் குடுக்கறதும் நீங்கதான், அவரு அப்படி நடந்தா சிரிக்கறதும் நீங்கதான். அவருக்கு எரக்கம் இல்லாம இல்ல. மாலை இல்லாம அத வெளிய காட்ட உடமாட்டேங்கறீங்க.

அந்தா, பஸ்ஸு ஹாரன் கேக்குதுங்களா?

பூங்குழலி அதுலதான் போறா. அவரு சபரிமல போயிருந்தப்பவே போயிருன்னேன், கேக்கல. அப்பா கால்ல விழுந்துட்டுத்தான் போவேன்னா. காலையில விழுந்தா. எதுக்குன்னு தெரியாமயே திருநீறு பூசி, நல்லா இரும்மான்னாரு.

வளைவெல்லாம் எறங்கி பஸ்ஸு அடிவாரம் சேர ஒன்னரை மணி நேரமாகும். அதுவரைக்கும் மாலை அவரு கழுத்துலயே கெடக்கட்டுமுங்க. பொறவு கழட்டி அனுப்பி வைங்க.

நான் ஊட்லதான் இருப்பேன். தட்டக் கழுவி வெச்சுட்டு.