கெட்ட செய்தி முதலில் வந்து சேரும் அலுவலகம்

விழாவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் தரகர் சங்கத் தலைவர் அவர்களே! வீடு தேடி வந்து எங்கள் விருந்தினராக உயர்ந்த வாடிக்கையாளர்களே! பகலெல்லாம் படியேறிப் படியிறங்கிப் பாதம் தேய்ந்த என் பணித்தோழர்களே! அவர்களைத் தாமதமாகவே திரும்பப் பெற்றுக்கொண்டு, அதற்காக என்னை மட்டும் திட்டித் தீர்த்த தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

எங்கள் நிறுவனத்தின் இரண்டாவது கிளை இன்று திறக்கப்படுகிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் நிலமும் வீடும் விற்றவன் நான். "தலைமைப் பண்பு பற்றி நாலு வார்த்தை பேசுங்கள்" என்றார்கள். பேசுகிறேன். ஆனால் அலுவலகத்தில் எனக்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியுமா?

பின்வரிசையில் யாரோ சொல்லிவிட்டார். ஆம், குக்கர்! காலையில் வந்தவுடன் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்களாம்: "எத்தனை விசில் ஆச்சு?" சிரியுங்கள், சிரியுங்கள். அன்று சிரிக்கப் பயந்தவர்கள் அதற்கும் சேர்த்துச் சிரியுங்கள்.

கத்தினால் காரியம் நடக்கும் என்று கருதினேன். மிரட்டினால் மிடுக்கு என்று நினைத்தேன். நான் நுழைந்ததும் அறை அமைதியானால், அதை மரியாதை என்று மார்தட்டிக்கொண்டேன். அது மரியாதையா? இல்லை ஐயா, அது பயம்!

எங்கள் விற்பனைப் பிரிவில் ஒருவர் இருக்கிறார். அலுவலகம் முழுவதற்கும் அவர் அக்கா. ஒருநாள் ஒரு தாயையும் மகனையும் வீடு காட்ட அழைத்துப்போனார். தாய்க்கு நடக்க முடியாது. சக்கர நாற்காலிதான் கால்கள். தரைத்தளத்தில் எதிரெதிரே இரண்டு வீடுகள். இரண்டும் காலி, இரண்டு சாவியும் எங்களிடம். ஒன்று விற்பனைக்கு, மற்றது வாடகைக்கு. மகன் டேப் பிடித்துக் குளியலறைக் கதவை அளந்தார். நாற்காலி தாராளமாக நுழையும். நிலைச்சட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "அம்மா, இனி யாரும் உன்னைத் தூக்க வேண்டாம்" என்றார். அந்தத் தாய் அழுதாராம். எட்டு வருடமாக அவரைக் குளிக்கத் தூக்கிக்கொண்டு போனவர் அந்த மகன்.

பத்திரப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு, உரிமையாளரிடம் இருந்த மாற்றுச் சாவியோடு வீட்டைச் சுத்தம் செய்ய அக்கா போனார். கதவைத் திறந்தார். குளியலறை வாசல் குறுகல். முன்னால் ஒரு படி. நிலைச்சட்டத்தில் பென்சில் கோடு இல்லை!

புரிகிறதா? அன்று அவர் காட்டியது எதிர்வீட்டை! எங்கள் சாவிகளில் அட்டை மாறியிருந்தது; அந்தச் சாவி திறந்த வீட்டையே விற்பனை வீடு என்று நம்பிவிட்டார். மாற்றிக் கட்டிய மகானுபாவர் யார் என்று பிறகு தெரிந்தது. உங்கள் முன்னால்தான் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்.

அக்கா என்ன செய்தார்? என்னிடம் சொல்ல என் அறை வாசல் வரை வந்தார். உள்ளே விசில். திரும்பினார். மறுநாள் வந்தார். விசில். மூன்றாம் நாளும் வந்தார். அன்று என் குரல் தெருமுனை வரை கேட்டதாம். திரும்பிவிட்டார்.

நான்காம் நாள், பத்திரப்பதிவு அலுவலகம். மகன் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போது அக்கா எழுந்து நின்றார்.

"தம்பி, கையெழுத்து போடாதீங்க. நீங்க பார்த்தது இந்த வீடு இல்ல. தப்பு என்னோடது."

நான் என்ன செய்தேன்? பாராட்டினேனா? அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "ஏம்மா, உனக்கு மூளை இருக்கா? நாளையிலருந்து ஆபீஸ் பக்கம் வராத!"

சக்கர நாற்காலியில் இருந்த அந்த அம்மா என்னைப் பார்த்தார். கோபப்பட வேண்டியவர் அவர். குரலை உயர்த்தவே இல்லை.

"தம்பி, இந்தப் பொண்ணை அனுப்பிட்டீங்கன்னா, அடுத்த தப்பை உங்ககிட்ட யாருப்பா சொல்லுவா?"

அவையோரே, அங்கேயே அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அலுவலகம் திரும்பி, "என்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது என்னென்ன? அக்காவிடம் சொல்லுங்கள்" என்று கூறிவிட்டு வெளியே போய் நின்றேன். ஒன்பது விஷயங்கள் வந்தன. ஒழுகும் சுவர் ஒன்று, விற்பதில்லை என்று மனம் மாறிய உரிமையாளர் ஒருவர், ஒரே வீட்டை இருவருக்குச் சொல்லிவைத்த குழப்பம் ஒன்று... ஒன்பதும் எனக்குப் பயந்து ஒளிந்திருந்தவை!

அந்த எதிர்வீட்டு உரிமையாளர் விற்கமாட்டேன் என்றார். அக்கா மூன்று வாரம் நடந்தார், பேசினார், பொறுத்தார், சம்மதிக்கவைத்தார். அந்தத் தாய் இன்று அங்கேதான் வாழ்கிறார். இதோ, மூன்றாம் வரிசையில்! கைதட்டுங்கள், கூரை அதிரட்டும்!

சந்தையை அறிந்தவன் வீடு விற்பான். சட்டம் படித்தவன் பத்திரம் எழுதுவான். ஆனால் யாரிடம் தவறு தயங்காமல் வந்து சேர்கிறதோ, அவரே தலைவர்! அதனால் அறிவிக்கிறேன்: நாளை முதல் இரண்டு கிளைகளுக்கும் மேலாளர் எங்கள் அக்கா. இடம் பார்ப்பதும் விலை பேசுவதும் என் வேலை. என்னையும் சேர்த்து எல்லோரும் அவரிடம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் நானே தொடங்கிவைக்கிறேன். மேலாளர் அவர்களே, வெளியே மின்னுகிறதே புதுப் பெயர்ப்பலகை, அதில் இருக்கும் தொலைபேசி எண் நம்முடையது அல்ல. கடைசி இரண்டு இலக்கங்களை நான் மாற்றி எழுதிக்கொடுத்துவிட்டேன். காலையிலேயே பார்த்தேன். உங்களிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

என்ன சொல்கிறார்? மைக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கொடுங்கள்.

"பரவாயில்ல சார். சொன்னீங்களே, அது போதும். பெயின்டரை நான் வரச் சொல்றேன்."

கேட்டீர்களா? இவ்வளவுதான் ஐயா, இருபத்திரண்டு வருடமாக எனக்கு வராமல் போனது! பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.