பாறையை விட்டு எட்டு அடி

இந்த வாக்குமூலத்தின் முதல் பக்கத்தில் எழுதியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்து மூன்று. கடைசல் பட்டறையில் வேலை. என்னைச் சுட்டதாகப் போலீஸ் பிடித்து வைத்திருக்கும் கொத்தனார் என் தங்கையின் கணவர். வயலை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட எங்கள் இருவருக்கும் உரிமம் உண்டு.

நேற்று விடியுமுன் ஓடைப் பள்ளத்துக்குப் போனோம். மேய்ந்த பன்றிகள் அந்த வழியாகத்தான் காட்டுக்கு மேலேறும். வெயில் படும்வரை குளிர்காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்குள் இறங்கும். உள்ளே உட்கார்ந்தால் நம் வாடை நமக்கு முன்னால் பன்றியிடம் போய்விடும். அதனால் பள்ளத்துக்கு வெளியே, வீடு அளவுள்ள ஒரு பாறைக்குப் பின்னால் நான் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை அறுபது அடி மேலே. பாறைக்குக் கீழுள்ள புதர்ப்பக்கம் மட்டுமே அவர் சுடவேண்டும், விசில் வரும்வரை யாரும் இடம் மாறக்கூடாது என்பது பேச்சு. "தும்மல் வந்தாலும் முழுங்கிடுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போனார்.

அதன் பிறகு பனி இறங்கியது. புதரில் பன்றி உறுமுவது இருவருக்கும் கேட்டது. நான் துப்பாக்கியை எடுத்தபோது மேட்டிலிருந்து மான்கள் வந்தன. காற்று அவற்றின் பக்கமிருந்து என் பக்கம் வீசியதால் நான் இருப்பது அவற்றுக்குத் தெரியவில்லை. இருபத்தாறுக்கு மேல் இருக்கும், அதுவரை எண்ணினேன், பிறகு எண்ண மறந்துவிட்டேன். முன்னால் வந்த கொம்பு மான் என்னிடமிருந்து நான்கு அடியில் நின்றது. அதன் மூச்சு ஆவியாக வந்து என் கையில் பட்டது. இருபது வருடம் மலையேறியும் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. மான் சுட எங்களுக்கு அனுமதி கிடையாது. இருந்திருந்தாலும் என் கை எழுந்திருக்காது.

அதன் பிறகு மான்கள் பாறையைச் சுற்றிக் கீழே திரும்பின. கண்ணிலிருந்து மறைந்துவிடுமே என்று எழுந்து அவற்றின் பின்னால் புதருக்குள் எட்டு அடி நடந்தேன். விசிலும் பேச்சும் நினைவுக்கு வரவில்லை. பனியும் பாறையும் மறைத்ததால் மாப்பிள்ளைக்கு மான்கள் தெரிந்திருக்க வழியில்லை. பன்றி உறுமிய அதே புதரில், பனிக்குள், என் பழுப்புச் சட்டை அசைந்தது மட்டும்தான் தெரிந்திருக்கும். ரவைகள் என் வலது தோளில் பாய்ந்தன.

அதன் பிறகு என்னை முதுகில் சுமந்து சாலைவரை ஓடிவந்தவர் அவர்தான். "எதுக்கு மச்சான் எந்திரிச்சீங்க?" என்று வழியெல்லாம் அழுதார். "பாத்தீங்களா மாப்ள?" என்று மட்டும் நான் கேட்டேனாம், அது எனக்கு நினைவில்லை. அவர் பேசிவைத்த இடத்தில்தான் நின்றார், பேசிவைத்த பக்கம்தான் சுட்டார். தவறு என்னுடையது. என் துப்பாக்கியில் இரண்டு தோட்டாக்களும் அப்படியே இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

அவரை விட்டுவிடவேண்டும். தங்கை போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

இதை எழுதியவர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. "மான் இருபத்தாறு" என்றிருந்ததை மட்டும் "இருபத்தாறுக்கு மேல்" என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார். வலது கைக்குக் கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை.