தானே புயலன்று எங்கள் ஸ்டேஷன்

"அண்ணி! ஓடியாங்க! கூரை பிச்சிக்கினு போவுது! வெளிய வாங்க!"

கத்துவது வீரமுத்து, என் கொழுந்தன். 2011 டிசம்பர் முப்பது. விடிந்தும் விடியாத நேரம். தானே புயல். காற்று உறுமுகிறது. முந்திரி மரங்கள் படபடவென்று முறிகின்றன. பழைய ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடுகிறோம். ஊரில் கான்கிரீட் தளம் போட்ட கட்டிடம் அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் ராஜாங்கம், நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, எனக்குப் பின்னால் வந்தார். சடாரென்று சத்தம். திரும்பினேன். பலாமரம் அவர் இடுப்பின் மேல் கிடந்தது.

மரத்தைப் புரட்டினோம். கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கினோம். பழைய டிக்கெட் ஜன்னலுக்குக் கீழே கிடத்தினோம்.

அந்த ஸ்டேஷனின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். மீட்டர் கேஜ் காலத்தில் பாசஞ்சர் நிற்கும். சும்மா நிற்காது. பிளாட்பாரத்தில் நின்று வெள்ளைத் துண்டை ஆட்ட வேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம். பலாப்பழத்தோடு ஏறி நெய்வேலியில் இறங்குவோம். பிராட் கேஜ் போடுகிறோம் என்று நிறுத்தினார்கள். போட்டார்கள். ரயில் ஓடியது. எங்களுக்கு மட்டும் நிற்கவில்லை. கேட்டால், வருமானம் இல்லையாம். பெயர்ப்பலகையையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நாசமாய்ப் போக!

மத்தியானம் காற்று அடங்கியது. ரோடு முழுக்க மரம். சைக்கிள்கூடப் போகாது. அவருடைய கால் சில்லிட்டிருந்தது.

"நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா பொழச்சிக்குவன்டி," என்றார். நம்பினேன்.

வடலூர்ப் பக்கம் ஹாரன் கேட்கிறது. இரண்டு முறை. லைன் பார்க்க வரும் ஒற்றை எஞ்சின். நெய்வேலிக்குத்தான் போகிறது. கட்டிலைப் பிளாட்பாரத்தின் விளிம்புக்குக் கொண்டுவந்தோம். ஊரே வரிசையாக நின்றது. வீரமுத்து துண்டை உதறி ஆட்டினான். வெள்ளைத் துண்டு.

"நிறுத்துங்க! எங்கண்ணன் சாவக் கெடக்குறாரு! நிறுத்துங்க!"

டிரைவர் தலையை நீட்டினார். சிரித்தார். எங்களுக்குக் கையாட்டிவிட்டுப் போய்விட்டார். புயலில் தப்பித்த சந்தோஷத்தில் துண்டு வீசுகிறார்கள் என்று நினைத்திருப்பார். எஞ்சின் சத்தத்தில் எங்கள் கத்தல் எங்கே கேட்கும்?

தண்டவாளத்தில் இறங்கி நின்றிருக்கலாமே, சிவப்புத் துணி காட்டியிருக்கலாமே என்று இன்றைக்கு ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள். அன்று என் புடவையே சிவப்புதான். ஆனால் அந்தப் பிளாட்பாரத்தில் நின்ற எங்களுக்கு ரயிலை நிறுத்த ஒரே ஒரு வழிதான் தெரியும்.

"இன்னொரு வண்டி வருமா?" என்று கட்டிலில் கிடந்தவர் கேட்டார்.

"வரும், வரும். கண்ண மூடாத இருங்க," என்றேன்.

பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

போனதைச் சொல்கிறேன். முந்திரி முப்பத்திரண்டு. பலா நாலு. ஆடு இரண்டு. வீடு. என் ராஜாங்கம்.

ஸ்டேஷனில் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை.