மீசை வெச்ச பெட்டி

தம்பி: அந்த அம்புக்குறியை அழுத்துக்கா. இப்ப நடக்கும் பாரு.

அக்கா: நடக்கல. நொண்டுது.

தம்பி: நடக்கறதுக்கு ரெண்டு படம்தான் வரைஞ்சிருக்கேன். ரெண்டுலயும் வலது காலையே முன்னாடி வெச்சுட்டேன் போல...

அக்கா: பூசணிக்காய்க்கு எந்தக் கால் முன்னாடி போனா என்ன.

தம்பி: அது பூசணிக்காய் இல்ல. அதுதான் ஹீரோயின்.

அக்கா: இதுவா? தலைமுடி எங்க?

தம்பி: மேல பச்சையா இருக்கே, அதுதான். உன்னை நினைச்சுதான் வரைஞ்சேன்.

அக்கா: நல்லா இருப்படா. கூடப் பொறந்தவனே இப்படி வரைஞ்சா, கட்டிக்கிட்டவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்.

தம்பி: மெதுவா பேசுக்கா...

அக்கா: ஏன்? வீட்ல உன்னையும் என்னையும் விட்டா யாரு இருக்கா?

தம்பி: யாரும் இல்ல. சத்தம் போட்டா கேம் நின்னுடும்.

அக்கா: நீ கேம் பண்ணக் கத்துக்கற லட்சணம் தெரியுது. சரி, குதிக்க எது?

தம்பி: நீளமா இருக்கே, அந்த பட்டன்.

அக்கா: குதிச்சேன். ...டேய், தரையைப் பொத்துக்கிட்டு கீழ போகுது.

தம்பி: ஐயோ. தரை கெட்டின்னு எழுத மறந்துட்டேன்.

அக்கா: எங்க போய் நிக்கும்?

தம்பி: நிக்காது. விழுந்துக்கிட்டே இருக்கும். இரு... ஒரு வரிதான்... சரி, இப்ப விளையாடு. அதோ, எதிரி வருது.

அக்கா: எது, அந்தப் பெட்டியா?

தம்பி: மீசை வெச்சிருக்கேன் பாரு. மேல குதிச்சு மிதிச்சா நசுங்கிடும், அப்புறம் மறுபடி எழுந்துடும். நசுங்கறதுக்கு மட்டும் அஞ்சாறு படம் வரைஞ்சிருக்கேன்.

அக்கா: மிதிச்சுட்டேன்.

தம்பி: அதுக்குள்ளயா?

அக்கா: மீசையைப் பாத்ததும் கால் தானா போச்சு. அப்படியே உன் மாமா மீசை.

தம்பி: எல்லா மீசையும் அப்படித்தான்க்கா. ...மாமா போன் பண்ணாரா?

அக்கா: எதுக்குப் பண்ணுவாரு? நான் வீட்ல இல்லைங்கறதே இன்னும் தெரிஞ்சிருக்காது.

தம்பி: அப்படி என்னதான் நடந்துச்சு? வந்ததுலேருந்து வாயைத் திறக்க மாட்டேங்கற.

அக்கா: ஒண்ணும் நடக்கல. அதான் பிரச்சினையே. ஆபீஸ்ல எனக்குப் பெரிய பொறுப்பு கொடுத்து வேற ஊருக்குப் போகச் சொல்லியிருக்காங்க. நீங்களும் வர்றீங்களா, இல்ல நான் மட்டும் போகட்டுமான்னு அவரைக் கேட்டேன்.

தம்பி: என்ன சொன்னாரு?

அக்கா: பேப்பரைப் பாத்துக்கிட்டே 'ம்'னாரு.

தம்பி: சரி, 'ம்'னுதான் சொல்லியிருக்காரே...

அக்கா: இரு. சோதிச்சுப் பாத்தேன். சமையல்கட்டுல தீப்பிடிச்சுடுச்சுன்னேன். 'ம்'. எதிர்வீட்டுக்காரரோட ஓடிப்போறேன்னேன். 'ம், குடை எடுத்துக்கோ'ன்னாரு.

தம்பி: ...குடையா?

அக்கா: மழை பெஞ்சுதுல்ல. குடையை எடுத்துக்கிட்டு இங்க வந்துட்டேன்.

தம்பி: அப்ப மழைச் சத்தமாவது கேட்டிருக்கு.

அக்கா: மழை கேக்குது, பொண்டாட்டி கேக்கல. திங்கக்கிழமை நான் ஆபீஸ்ல பதில் சொல்லணும். அவர் வாயைத் திறந்து வர்றேன்னு சொல்லாம அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். தனியாவே போயிடுவேன். ...டேய், இந்தப் பலகை நகருது, நான் மட்டும் அந்தரத்துல நிக்கறேன்?

தம்பி: பலகை போனா கூடவே போகணும்னு தனியா எழுதணும்க்கா. தானா போகாது.

அக்கா: உன் மாமாவுக்கும் யாராவது எழுதி வெச்சா தேவலை. ...என்னடா, பெட்டி நின்னுடுச்சு?

தம்பி: எங்க?

அக்கா: நான் பேச ஆரம்பிச்சதும் நின்னுச்சு. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது.

தம்பி: அதுக்குத் தலையே கிடையாதுக்கா.

அக்கா: ஓரமாப் போ. ...போயிடுச்சுடா.

தம்பி: அது... பக்.

அக்கா: அப்படின்னா?

தம்பி: நான் எழுதினது ஒண்ணு, அது பண்றது ஒண்ணு.

அக்கா: கிட்ட வா. ...வருது. திரும்பு. ...திரும்பிடுச்சு. கல்யாணம் ஆன இத்தனை வருஷத்துல நான் சொன்னதை இவ்வளவு நல்லா கேட்ட ஒரே ஆம்பளை இந்தப் பெட்டிதான்.

தம்பி: சரி, மிதிச்சுட்டு மேல போ. அங்க பழம் வெச்சிருக்கேன்.

அக்கா: எனக்குப் பழம் வேணாம். இங்கயே மிதிக்கறேன். இது குடைக்கு. இது 'ம்'முக்கு. இதுவும் 'ம்'முக்கு...

தம்பி: பாவம்க்கா...

அக்கா: யாரு?

தம்பி: ...பெட்டி.

அக்கா: இந்த ஒயர் எங்க போகுது? கதவுக்கு அடியில, அந்தச் சின்ன ரூமுக்குள்ள?

தம்பி: அது எர்த். ஷாக் அடிக்காம இருக்க.

அக்கா: ரூம் ஏன் பூட்டியிருக்கு?

தம்பி: துணி காயுது.

அக்கா: பூட்டின ரூம்லயா?

தம்பி: வெயில் பட்டா சாயம் போயிடும்... நீ விளையாடேன்.

அக்கா: உன் துணி தும்முதுடா.

தம்பி: தூசி...

அக்கா: சரி, நீ வாயை மூடு. நான் இந்தப் பெட்டிகிட்ட ஒண்ணு கேக்கணும். ...இந்தா, கேளு. எனக்கு அந்த வேலைக்குப் போகணும்னு ஆசையா இருக்கு. ஆனா தனியா போகப் பிடிக்கல. அங்க போய் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்தா நான் யாருகிட்ட பேசறது? நீங்க கேக்கலன்னாலும் எதிர்ல இருப்பீங்க...

தம்பி: பெட்டியைப் போய் 'நீங்க'ங்கற...

அக்கா: குறுக்க பேசாத. ...வர்றதா இருந்தா குதிங்க.

தம்பி: அக்கா, அதுக்குக் குதிக்க வராது.

அக்கா: ஏன் வராது?

தம்பி: குதிக்கறது ஹீரோயினுக்கு மட்டும்தான் எழுதியிருக்கேன். எதிரிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அவ்வளவுதான். கொஞ்சம் நேரம் கொடு, எழுதிடறேன்...

அக்கா: உன்னை யாரும் எழுதச் சொல்லல.

தம்பி: எப்படி அலையுது பாருக்கா. செவுத்துல போய் முட்டுது...

அக்கா: முட்டட்டும். எனக்கு அது குதிச்சாகணும்.

தம்பி: சொன்னா புரிஞ்சுக்கோயேன்...

அக்கா: என்னடா சத்தம் அது?

தம்பி: எது?

அக்கா: தொம்முன்னு.

தம்பி: மேல் வீட்டுல...

அக்கா: மேல மொட்டை மாடி. ...மறுபடியும் தொம்முங்குது.

தம்பி: அலமாரி விழுந்திருக்கும்.

அக்கா: விழுந்த அலமாரி எழுந்து மறுபடியும் விழுமா?

மாமா: அலமாரி இல்ல. நான்தான்.

தம்பி: போச்சு.

மாமா: கதவைத் திறடா. கால் சுளுக்கிக்கிச்சு.

தம்பி: கோவிச்சுக்காதக்கா. காலையில நீ குளிக்கப் போனப்ப வந்தாரு. உன் முகத்தைப் பாக்கப் பயந்துக்கிட்டு திரும்பிப் போறேன்னாரு. எனக்கு எதிரியைத் தானா நடக்க வைக்க இன்னும் எழுத வரல, யாராவது உக்காந்து ஓட்டணும். அவருக்கும் நீ என்ன சொல்றன்னு கேக்கணும். பழைய மானிட்டரையும் ஒரு கீபோர்டையும் கொடுத்து உள்ள உக்கார வெச்சுட்டேன்.

மாமா: நான் வர்றேன்மா. எந்த ஊரா இருந்தாலும் வர்றேன். நீ சொன்னது ஒரு வார்த்தை விடாம கேட்டேன். எத்தனை தரம் நசுங்கினேன்னு எனக்கே தெரியல. திங்கக்கிழமை நானும் உன்கூட ஆபீசுக்கு வந்து, ரெண்டு பேரும் போறோம்னு நானே சொல்றேன், போதுமா?

அக்கா: அதெல்லாம் வேணாம். திங்கக்கிழமைன்னு சொன்னது சும்மா. ரெண்டு பேரும் போறோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டுத்தான் நான் அன்னிக்கு வீட்டுக்கே வந்தேன். உங்ககிட்ட கேட்டதெல்லாம் அதுக்கப்புறம்தான்.