மிச்சப் படம் நாளைக்கு

— சோறு போடட்டாப்பா? காலையில இருந்து மேலூர் கோர்ட்டுல நின்னுருக்கீக.

— வேணாம் தாயி. பசிக்கல.

— என்னதான் ஆச்சு அங்க?

— என்ன ஆகும்? வாய்தாதான். அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டாக.

— மறுபடியுமா! அந்தக் குவாரிக்காரரு வக்கீலுக்கு வாய்தா வாங்குறதத் தவிர வேற வேலையே தெரியாது போல. தமிழ்மாறனும் அங்கதான வந்திருப்பான்? கிளாஸ்ல ஆளக் காணோம்.

— கூட்டத்துல கவனிக்கல.

— சரி, அத விடுங்க. இன்னைக்குத் தமிழ்ச்செல்வி டீச்சர் எங்களுக்குப் படம் போட்டாக!

— பள்ளிக்கூடத்துல படமா? சண்டையெல்லாம் உண்டா?

— போங்கப்பா. இது போராட்டப் படம். ஒரு சாயப்பட்டறையால ஊருக் கெணத்துத் தண்ணியெல்லாம் செவந்துபோகுது. சனங்க தெரண்டு கேசு போடுறாக. கழிவ வாய்க்கால்ல தொறந்துவிட்டதக் கண்ணால பாத்தது பட்டறை வாட்ச்மேன் ஒருத்தன்தான். அவனக் கூண்டுல ஏத்துறாக. வாயத் தொறக்கப் போறான்... டீச்சர் பட்டுன்னு நிறுத்திட்டாக.

— கரண்டு போயிருச்சா?

— வேணும்னேப்பா! டிஸ்கஷனுக்கு. “அவன் உண்மையச் சொல்வான்னு நெனைக்கிறவங்க சன்னல் பக்கம் போங்க, சொல்ல மாட்டான்னா கதவுப் பக்கம்”னாக.

— நீ எந்தப் பக்கம்?

— இதென்ன கேள்வி? சன்னல்தான். பயலுக அம்புட்டும் கதவுப் பக்கம். அந்த அழகுபாண்டி, “அவனுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல, எப்படிச் சொல்வான்?”ங்கிறான்.

— அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல தாயி.

— என்ன ஞாயம்? தமிழ்மாறனோட அப்பா மலையாண்டி மாமாவுக்குப் புள்ளகுட்டி இல்லையான்னு கேட்டேன். “குவாரியில பாறை விழுந்து செத்தவரத் தூக்கிட்டுப் போயி ரோட்டுல கெடத்துனாக. பைக்குல விழுந்து செத்தாருன்னு கதை கட்டுனாக. அதப் பாத்தது எங்கப்பா. எங்கப்பா சொல்வாரு”ன்னேன்.

— கிளாஸ்லயா சொன்ன?

— எந்திரிச்சு நின்னு சொன்னேன். டீச்சர் கைதட்டுனாக. கதவுப் பக்கம் நின்னவங்க பாதிப்பேரு சன்னலுக்கு வந்துட்டாகப்பா!

— அம்புட்டுப் பேரு முன்னாலயுமா?

— தமிழ்மாறனுக்குத்தான் குடுத்துவைக்கல. மிச்சப் படம் நாளைக்கு. அவனுக்கு முன்னால எடம் போட்டு வைக்கணும்.

— அந்த வாட்ச்மேன்... சொல்லிருவானா?

— டீச்சர் மூச்சு விடல. நீங்க சொல்லுங்க. நீங்களா இருந்தா எந்தப் பக்கம் நிப்பீக?

— பவா.

— என்னப்பா?

— நீ எட்டு மணி பஸ்லதான போற?

— ஆமா. அதுக்கென்ன இப்ப?

— முந்தாநாளு மொக்கைச்சாமி டீக்கடையில ரெண்டு பேரு பக்கத்துல வந்து உக்காந்தாக. மரியாதையாத்தான் பேசுனாக. டீக்கும் அவுகளே காசு குடுத்தாக. நீ எந்த பஸ்ல ஏறுற, எந்தச் சீட்டுல உக்காருவ, உன் பையி என்ன கலரு, அம்புட்டையும் சொன்னாக. “புள்ள நல்லாப் படிக்குதாமே முத்திருளா”ன்னாக.

— அப்பா... வாய்தான்னு சொன்னீகளே?

— வாய்தா இல்ல தாயி.

— பெறகு?

— பேரச் சொல்லிக் கூப்புட்டாக. கூண்டுல ஏறுனேன். “நான் ஒண்ணும் பாக்கலைங்கய்யா”ன்னு சொல்லிட்டு எறங்கிட்டேன்.

— தமிழ்மாறன்... இருந்தானா?

— அவன் ஆத்தா ராமக்காவுக்குப் பக்கத்துல நின்னான். அது தலைய முந்தானையால மூடிக்கிட்டு அழுதுச்சு. இவன் அழல. என்னையவே பாத்துக்கிட்டு இருந்தான். பெறகு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் பின்னாலயே வந்தான். அடிக்கத்தான் வாரான்னு நெனைச்சேன். அடிச்சிருந்தாத் தேவல.

— என்ன சொன்னான்?

— “பவதாரிணிக்கு நான் சொல்ல மாட்டேன் மாமா”ன்னான்.